சர்ச் லைப்ரரிக்கு வேதபாட ரெஃபரன்ஸ் புத்தகங்கள்: இருபதாயிரம் ரூபாய்க்கு எதை வாங்குவது?

#1 பொருநைக்கரை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு நடுத்தர சேகரம் (ஓர் ஆயரின் கீழ் உள்ள சபைகள்) எங்களுடையது. வெஸ்ட்ரிக்கு (ஆயர் உடை மாற்றும் அறை) பக்கத்து அறையில் இரண்டு இரும்பு பீரோ இருக்கிறது, அதற்குப் பெயர் லைப்ரரி. இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் நல்ல வரவு, அதில் இருபதாயிரம் ரூபாயை லைப்ரரிக்கு ஒதுக்கிவிட்டு "நீயே பார்த்து வாங்குடே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், ஓய்வுநாள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, இஸ்ரவேலரைச் சபிக்க வந்து ஆசீர்வதித்த பிலேயாம் கதை நடத்திக்கொண்டிருந்தேன். எண்ணாகமம் 23:22, "காண்டாமிருகத்துக்கொத்த பெலன் அவர்களுக்கு உண்டு". ஒரு பிள்ளை எழுந்து "அண்ணே, இஸ்ரேல்ல காண்டாமிருகம் இருந்துச்சா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு ஆராதனை முடிந்ததும் பீரோவைத் திறக்கப் போனால் சாவி செயலாளர் வீட்டில், செயலாளர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில். மூன்று வாரம் கழித்துத் திறந்தோம். உள்ளே மேத்யூ ஹென்றியின் வேத விளக்கவுரை சுருக்கப் பதிப்பு மூன்று பிரதி (மூன்றும் வெவ்வேறு ஆள் நினைவாகக் கொடுத்தது), மிஷனரி வாழ்க்கை வரலாறுகள், எண்பதுகளின் மாதப் பத்திரிகைகள் ஒரு கட்டு, முதுகு கிழிந்த ஒரு ஸ்ட்ராங்ஸ் கன்கார்டன்ஸ் (சொல்லை வைத்து வசனம் தேடுகிற வசன அகராதி). காண்டாமிருகம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர்கள் மொத்தம் 14 பேர். ஆங்கிலப் புத்தகத்தை யோசிக்காமல் எடுத்துப் படிக்கிறவர்கள் நான்கு பேர்தான் இருப்போம். கமிட்டியில் ஒரு பெரியவர் மேத்யூ ஹென்றி முழு செட்டைத் தோல் அட்டையில் வாங்கிவிடு, பணம் சரியாகப் போய்விடும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. உங்கள் சர்ச்சில் என்ன வைத்திருக்கிறீர்கள், எதை உண்மையிலேயே எடுத்துப் படிக்கிறார்கள்?

#2 பழைய_பாதை

பெரியவர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. மேத்யூ ஹென்றியை முழங்காலில் நின்று படித்தவர்கள் கட்டிய சபைகள் இவை. புதுப் புத்தகங்களில் அறிவு இருக்கும், அபிஷேகம் இருக்காது.

#3 கிரேக்கம்_கொஞ்சம்

ஹென்றியை நானும் மதிக்கிறேன் ஐயா, பக்தியாகத் தியானிக்க அவரைப்போல ஆள் கிடையாது. ஆனால் அவர் இறந்தது 1714ல். அதே வருஷம்தான் தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ் நற்செய்திகள் அச்சேறின. அதாவது ஹென்றி எழுதும்போது எகிப்திய எழுத்தையோ அசீரியக் களிமண் பலகையையோ படிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை, சவக்கடல் சுருள்கள் வெளியே வரவே 1947 ஆனது. இன்னொன்று, அவர் அப்போஸ்தலர் நடபடிகள் வரைக்கும்தான் எழுதினார், ரோமரிலிருந்து வெளிப்படுத்தல் வரை அவர் குறிப்புகளை வைத்துக்கொண்டு வேறு ஊழியர்கள் முடித்தது. செட் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தவிர, காப்புரிமை எப்போதோ போன நூல், இணையத்தில் முழுசாக இலவசமாகக் கிடைக்கிறது. இருக்கிற இருபதாயிரத்தையும் அதற்கே கொடுப்பானேன்?

பொருநைக்கரை, உங்கள் மனசு ஏன் ஒப்பவில்லை என்று நான் சொல்கிறேன். உங்கள் பிள்ளை கேட்டது "இதன் அர்த்தம் என்ன" என்ற கேள்வி இல்லை, "இது உண்மையில் என்ன" என்ற கேள்வி. முதல் வகைக்கு விளக்கவுரை வேண்டும். இரண்டாவது வகைக்கு வேண்டியது அகராதி, கன்கார்டன்ஸ், வரைபடம். சர்ச் பீரோக்களில் முதல் வகை வழிந்து கிடக்கும், இரண்டாவது வகை ஒன்றுகூட இருக்காது. எங்கள் ஊரிலும் இதே கதைதான்.

சரி, காண்டாமிருகத்துக்கு வருவோம். உங்கள் கிழிந்த ஸ்ட்ராங்ஸை எடுங்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890ல் வெளியிட்டது, கிங் ஜேம்ஸ் என்கிற பழைய ஆங்கில பைபிளில் உள்ள சொற்களுக்கெல்லாம் அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் மூலச்சொல்லின் எண் பக்கத்தில் இருக்கும். எபிரெயுவுக்கு 1 முதல் 8674 வரை, கிரேக்கத்துக்கு 1 முதல் 5624 வரை. கிங் ஜேம்ஸில் இந்த இடத்தில் காண்டாமிருகம் இல்லை, யூனிகார்ன், ஒற்றைக்கொம்புக் குதிரை! அந்தச் சொல்லில் தேடினால் 7214 என்ற எண் வரும். பின்னால் எபிரெயுப் பகுதியில் அந்த எண்ணைப் பார்த்தால் "ரெஏம்", காட்டு எருது என்று இருக்கும். அசீரிய மொழியிலும் "ரீமு" என்றால் காட்டுக் காளைதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதை "ஒற்றைக்கொம்பன்" ஆக்கினார்கள், லத்தீனில் அது காண்டாமிருகம் ஆனது, நம் தமிழுக்கும் அதே காண்டாமிருகம் வந்துவிட்டது. ஆக நம்மவர்கள் சொந்தமாகக் கற்பனை பண்ணவில்லை, லத்தீன் பைபிளைத் தந்த ஜெரோம் காலத்துச் சரக்கு அது.

இன்னும் ருசியான விஷயம், உபாகமம் 33:17ஐப் பாருங்கள். யோசேப்பின் "கொம்புகள் காண்டாமிருகத்தின் கொம்புகளைப்போல" என்று இருக்கும், அந்த இரண்டு கொம்பையும் உடனே எப்பிராயீம், மனாசே என்று இரண்டு கோத்திரமாகப் பிரித்துச் சொல்லும். வரிக்கு முன்பாதியில் காளை வேறு வருகிறது. பிலேயாம் பார்த்தது மாட்டைத்தான். ஆரக்ஸ் என்கிற பெரிய காட்டு மாடு, அந்த இனத்தின் கடைசி மாடு போலந்தில் 1627ல் செத்தது.

இதற்கு ஆன செலவு உங்கள் பீரோவில் ஏற்கெனவே கிடந்த ஒரு புத்தகமும் பத்து நிமிஷமும்தான்.

#4 பொருநைக்கரை

அண்ணன், இதைப் படித்துவிட்டு இப்போதே அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகலாமா என்று இருக்கிறது. ஸ்ட்ராங்ஸை எடுத்துப் பார்த்தேன், முன்பக்கம் கொஞ்சம் ராமபாணப்பூச்சி தின்றிருக்கிறது, யூ எழுத்து நல்லவேளை தப்பித்தது, எபிரெயுப் பகுதியும் முழுசாக இருக்கிறது. 7214 அப்படியே இருக்கிறது!

#5 அரசரடி_டீச்சர்

நான் மதுரை. இருபத்திரண்டு வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன், எனக்கு ஆங்கிலம் தடுமாறும், அதை ஒளிக்க என்ன இருக்கிறது. அதனால் மேலே தம்பி சொன்னது எல்லாம் கேட்க நன்றாக இருந்தாலும், ஸ்ட்ராங்ஸைத் திறந்தால் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். இப்படிப்பட்டவர்களுக்கு என்ன வாங்குவீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், உங்கள் 14 பேரில் 10 பேர் என் கட்சிதானே.

எனக்கு மிகவும் உபயோகப்பட்ட ரெஃபரன்ஸ் புத்தகம் எது தெரியுமா? இன்னொரு தமிழ் பைபிள். 1995ல் வந்த திருவிவிலியம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்த பிறகுதான் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் எங்கெல்லாம் வழுக்கிக்கொண்டு போகிறேன் என்பதே தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன். சங்கீதம் 136ல் வசனத்துக்கு வசனம் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். எபேசியர் 2:8ல் "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்". நான் இரண்டும் ஒரே கிருபை என்று நினைத்து இருபது வருஷம் பாடம் நடத்தினேன். திருவிவிலியத்தில் சங்கீதத்தில் "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்று இருக்கிறது, எபேசியரில் "அருள்" என்று இருக்கிறது. ஏன் இரண்டு சொல் என்று எங்கள் ஆயரிடம் கேட்டேன். ஒன்று எபிரெயுவில் ஹெசெத், உடன்படிக்கை பண்ணினவன் கைவிடாமல் காட்டுகிற அன்பு. மற்றது கிரேக்கத்தில் காரிஸ், தகுதி பார்க்காமல் கொடுக்கிற தயவு. உறவு உண்டு, ஆனால் ஒன்று இல்லை. ஆங்கிலமும் வேண்டாம் நம்பரும் வேண்டாம், இரண்டு தமிழ் பைபிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இந்தக் கேள்வி தானாக எழும்பும். பதிலுக்கு மட்டும் ஆளைத் தேடினால் போதும்.

ஆகையால் என் ஓட்டு, முதலில் திருவிவிலியம் நான்கைந்து பிரதி.

#6 பழைய_பாதை

ரோமன் கத்தோலிக்க பைபிளை சி.எஸ்.ஐ. சர்ச்சுக்குள் கொண்டுவந்து வைப்பதா? அதில் கத்தோலிக்கர் ஏற்று நாம் ஏற்காத தள்ளுபடி ஆகமங்கள் இருக்கிறது, வசனங்களையும் எடுத்திருக்கிறார்கள். 1 யோவான் 5:7ஐத் திறந்து பாருங்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்ற வசனம் எங்கே? திரித்துவத்தையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்துவிட்டு அப்புறம் அழாதீர்கள்.

#7 கிரேக்கம்_கொஞ்சம்

ஐயா, அது பொது மொழிபெயர்ப்பு. வேதாகமச் சங்கமும் கத்தோலிக்கரும் சேர்ந்து செய்தது, புராட்டஸ்டண்ட் அறிஞர்களும் அந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் தள்ளுபடி என்கிற இணைத்திருமுறை நூல்கள் தனிப் பகுதியாகத்தான் இருக்கும், வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

1 யோவான் 5:7 விஷயம், நீங்கள் கேட்டதே நல்லது. அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, மிகப் பிந்திய ஒரு சிலவற்றில்தான் இருக்கிறது. லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516ல் அச்சிட்ட முதல் கிரேக்கப் பதிப்பில் அது கிடையாது, சண்டை வந்த பிறகு 1522ல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்த மரபில் வந்த கிரேக்கப் பதிப்புகளைப் பின்பற்றியதால் கிங் ஜேம்ஸிலும் இருக்கிறது, நம் 1871 மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. திரித்துவம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை. மத்தேயு 28:19 எங்கும் போய்விடவில்லை.

சொல்லப்போனால் நாம் "பழைய பைபிள்" என்று சொல்கிறோமே, அதுவும் ஒரு காலத்தில் புது பைபிள்தான். அதற்கு முன்னால் பப்ரிஷியஸ் என்ற லூத்தரன் மிஷனரியின் மொழிபெயர்ப்பு இருந்தது. லூத்தரன் சபைகள் அதை விடவே மாட்டோம் என்று வெகுகாலம் பிடித்துக்கொண்டு இருந்தன. நடுவில் பெர்சிவல் என்ற மிஷனரி யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று செய்தார், 1850ல் அச்சானது, அது எடுபடவில்லை. அதற்கப்புறம்தான் இந்த 1871 மொழிபெயர்ப்பைச் செய்த போவர் குழு. அப்போதும் "எங்கள் வசனத்தை மாற்றிவிட்டார்கள்" என்று யாரோ ஒருவர் உங்களைப்போலவே கோபப்பட்டிருப்பார்!

#8 பழைய_பாதை

சிரிப்பு வருகிறது. சரி, பெரியவர்கள் பார்க்கட்டும், அதன்மேல் "ஒப்பிட்டுப் படிக்க மட்டும்" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். எராஸ்மஸ் விஷயம் எனக்குத் தெரியாது. பார்க்கிறேன்.

#9 கோவை_பொட்டி

எல்லாரும் 1990ல் இருந்துகொண்டு பேசுகிறீர்களே! போனில் மைஸ்வேர்ட், கம்ப்யூட்டரில் ஈ-ஸ்வேர்ட், இணையத்தில் கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸில் உருவான ஸ்டெப் பைபிள், எல்லாமே இலவசம். ஸ்ட்ராங்ஸ் எண்ணைத் தொட்டால் அர்த்தம் வருகிறது. இருபதாயிரத்துக்கு ஒரு டேப்லெட் வாங்கி பீரோவுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டுங்கள், வேலை முடிந்தது.

#10 அரசரடி_டீச்சர்

கோவைத் தம்பி, உங்கள் போனில் தமிழ் பைபிளைத் திறந்து "அன்பு" என்று தேடுங்கள். 1 யோவான் 4:8 வருகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

#11 கோவை_பொட்டி

வரவில்லை! எப்படி? அன்பு பற்றி முக்கியமான வசனமே அதுதானே.

#12 அரசரடி_டீச்சர்

"அன்பில்லாதவன் தேவனை அறியான், தேவன் அன்பாகவே இருக்கிறார்." வசனத்தில் அன்பு இருக்கிறது, ஆனால் "அன்பு" என்ற எழுத்துக்கூட்டு இல்லை. ஒன்று அன்பில், மற்றது அன்பாக. ஆங்கிலத்தில் லவ் என்று தனியாக நிற்கும், நம் மொழியில் சொல் வாலைப் பிடித்துக்கொண்டே வரும். எனக்கு இது தெரிந்தது ஒரு வேதபாடப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்தபோதுதான், தேடலை நம்பி "அன்பு என்ற சொல் இத்தனை முறை" என்று எழுதிவிட்டேன், ஒரு பையன் கையால் எண்ணிக்கொண்டு வந்து என் மானத்தை வாங்கினான்.

தந்திரம் என்னவென்றால் கடைசி உயிரை விட்டுவிட்டு "அன்ப" என்று தேட வேண்டும். சில ஆப்பில் வரும், சிலதில் வராது. அப்புறம் பழைய எழுத்துக்கூட்டல் வேறு. "பலன்" என்று தேடினால் "பெலன்" கிடைக்காது, "மகிழ்ச்சி" என்று தேடினால் "சந்தோஷம்" கிடைக்காது. தமிழில் அச்சு வசன அகராதியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவர் உட்கார்ந்து அன்பு, அன்பில், அன்பாக எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் சேர்த்து வைத்திருக்கிறார் பாருங்கள், அது மனுஷன் செய்த வேலை. வாங்குவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள், 1 யோவான் 4:8 அதில் எந்தச் சொல்லின் கீழ் இருக்கிறது என்று. கடையில் நின்றுகொண்டே சோதித்துவிடலாம்.

#13 கோவை_பொட்டி

ஒத்துக்கொண்டேன் அக்கா. டேப்லெட்டையும் ஒரு ஓரமாக வையுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

#14 ஓய்வுபெற்ற_உபதேசியார்

புத்தகப் பட்டியல் எல்லாம் நல்லதுதான். நான் நாற்பது வருஷம் சபை சபையாக மாறினவன், லைப்ரரி எப்படிச் சாகிறது என்று சொல்கிறேன்.

முதல் காரணம் சாவி. இதை மேலே தம்பியே எழுதிவிட்டார். இரண்டாவது காரணம் சாக்கு மூட்டை. ஊரில் ஒரு பெரியவர் காலமானால் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு அவர் புத்தகங்களை மூன்று சாக்கில் கட்டி சர்ச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதில் இரண்டு நல்ல புத்தகம் இருக்கும், பாக்கி எல்லாம் பழைய டைரி, சங்கப் பத்திரிகை, 1974 பஞ்சாங்கமும்கூட ஒருமுறை பார்த்தேன். மூட்டையைப் பிரிக்காமல் பீரோவுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், மழைக்காலம் முடிந்ததும் கரையான் மூட்டையிலிருந்து பீரோவுக்கு ஏறும். "பூச்சியும் துருவும் கெடுக்கும்" என்ற வசனம் நம் சர்ச் லைப்ரரியைப் பார்த்துச் சொன்னதுதான். ஒரு இடத்தில் பிரசங்க பீடத்துக்கு நேர் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தேன், பைபிள் டிக்ஷனரியின் அட்டை மட்டும் நின்றது, தொட்டேன், உள்ளே மண்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். கொடுக்கிறவர்களிடம் "நாங்கள் தெரிந்தெடுத்து வைத்துக்கொள்வோம், மீதியைப் பழைய புத்தகக் கடைக்குப் போட்டு அந்தக் காசில் புதுசு வாங்குவோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சொல்லாமல் செய்தால்தான் கோபம்.

மூன்றாவது, "ரெஃபரன்ஸ் புத்தகம் வீட்டுக்குக் கொடுக்கப்படாது" என்று முத்திரை குத்தி வைப்பது. காலேஜில் அது சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கிற சர்ச்சில் அந்த முத்திரைக்கு "யாரும் படிக்க வேண்டாம்" என்று அர்த்தம். டீச்சர் பாடம் தயாரிக்கிறது சனிக்கிழமை ராத்திரி, சமையல் முடிந்து பிள்ளைகள் தூங்கின பிறகு.

#15 பொருநைக்கரை

ஐயா, அந்த மண் விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு மூட்டை இருக்கிறது. நல்லவேளை கரையான் இல்லை, பல்லிதான்.

#16 அடுக்குக்காரி

நான் நூலகர், கல்லூரியில் வேலை. அடுக்குவது பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். நூலகங்களில் புத்தகம் அடுக்கப் பயன்படுகிற டியூயி எண் முறையில் பைபிளுக்கு 220 முதல் 229 வரை ஒதுக்கியிருக்கிறது. 220 பொதுவானது, 221 பழைய ஏற்பாடு, 222 ஆகமங்களும் சரித்திர நூல்களும், 223 பாட்டு நூல்கள், 224 தீர்க்கதரிசிகள், 225 புதிய ஏற்பாடு, 226 சுவிசேஷங்களும் நடபடிகளும், 227 நிருபங்கள், 228 வெளிப்படுத்தல், 229 தள்ளுபடி ஆகமங்கள் (பழைய பாதை ஐயா கவனிக்க, அதற்கும் ஒரு நம்பர் இருக்கிறது). சின்ன லைப்ரரிக்கு இந்தப் பத்து எண்ணே போதும், புள்ளி வைத்துப் பிரிக்கிறேன் என்று இறங்காதீர்கள், ஆறு மாதத்தில் விட்டுவிடுவீர்கள்.

ஒரு சின்ன யோசனை. முதுகில் எண் ஒட்டும்போது தமிழ்ப் புத்தகத்துக்கு மஞ்சள் சீட்டு, ஆங்கிலத்துக்கு வெள்ளைச் சீட்டு ஒட்டுங்கள். ஆனால் தனித்தனி அலமாரியில் வைக்காதீர்கள். சேர்த்தே வையுங்கள். தமிழ் மட்டும் படிக்கிறவர் கை நீட்டும்போது பக்கத்து ஆங்கிலப் புத்தகத்தின் படமாவது கண்ணில் படும்.

#17 கிரேக்கம்_கொஞ்சம்

வாங்கச் சொல்வது இதுதான். ஒரு நல்ல பைபிள் டிக்ஷனரி, என் கணக்கில் ஐ.வி.பி. பதிப்பகத்தின் நியூ பைபிள் டிக்ஷனரி, முதலில் 1962ல் வந்தது, 1996ல் மூன்றாம் பதிப்பு, ஒரே வால்யூம், ஊரிலிருந்து தானியம் வரை எல்லாம் இருக்கும். புது ஸ்ட்ராங்ஸ் ஒன்று. வரைபடப் புத்தகம் ஒன்று, பவுல் எத்தனை மைல் நடந்தான் என்பதைப் பிள்ளைகள் விரலால் அளக்கட்டும். விளக்கவுரை என்று ஒன்று வேண்டுமே வேண்டும் என்றால் ஐ.வி.பி. பின்னணி விளக்கவுரை, பழைய ஏற்பாட்டுக்கு ஒன்று, புதியதற்குக் கீனர் எழுதியது ஒன்று. 2015ல் வந்த சௌத் ஏஷியா பைபிள் கமெண்டரியும் பாருங்கள், நம் பக்கத்து ஆட்களே எழுதியது, ஜாதி, கூட்டுக்குடும்பம், விக்கிரகத்துக்குப் படைத்தது எல்லாம் அதில் வேறு நாட்டுச் சங்கதி மாதிரி வராது. டின்டேல் விளக்கவுரை வரிசையில் வருஷத்துக்கு இரண்டு மெல்லிய புத்தகம் சேர்த்துக்கொண்டே போகலாம். செட்டாக வாங்காதீர்கள். செட் என்பது பீரோவுக்குத்தான் அழகு.

ஆனால் ஸ்ட்ராங்ஸ் வாங்குகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், எண்ணைப் பார்த்ததும் பிரசங்கம் பண்ணக் கிளம்பிவிடாதீர்கள். கன்வென்ஷன் மேடையில் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள், "வல்லமை என்பது கிரேக்கத்தில் டூனமிஸ், அதிலிருந்துதான் டைனமைட் வந்தது, ஆகவே உங்களுக்குள் டைனமைட் இருக்கிறது!" ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867ல். பவுல் மனதில் வெடிமருந்து எப்படி இருக்கும்? சொல் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது வேறு, எழுதியவன் காலத்தில் என்னவாக இருந்தது என்பது வேறு. ஸ்ட்ராங்ஸ் தருவது சொல்லின் முகவரி மட்டும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதற்கு வசனத்தைத்தான் படிக்க வேண்டும்.

அதேபோல "ஊசியின் காது" என்று எருசலேமில் ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் மண்டிபோட்டு நுழையும் என்கிற கதை. அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரமே கிடையாது, இடைக்காலத்தில் கிளம்பிய விளக்கம். நல்ல டிக்ஷனரி ஒன்று பீரோவில் இருந்தால் இந்த மாதிரிக் கதைகள் ஓரளவு அடங்கும்.

#18 பழைய_பாதை

அந்த ஒட்டக வாசலை நான் போன மாதம்தான் பிரசங்கித்தேன்.

#19 அரசரடி_டீச்சர்

ஐயா, நான் அதற்குப் படமே வரைந்து சார்ட் ஒட்டியிருக்கிறேன், பன்னிரண்டு வருஷமாகச் சுவரில் இருக்கிறது.

#20 பொருநைக்கரை

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும்.

கழித்தோம். சாக்கு இரண்டையும் பிரித்ததில் ஒரு பழைய ஆக்ஸ்ஃபோர்டு பைபிள் அட்லஸ் கிடைத்தது, நல்ல நிலையில்! மேத்யூ ஹென்றி ஒரு பிரதியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிளைச் சபைகளுக்குக் கொடுத்தோம், நினைவுக்குக் கொடுத்த குடும்பங்களிடம் சொல்லிவிட்டுத்தான். நியூ பைபிள் டிக்ஷனரி, புது ஸ்ட்ராங்ஸ், பின்னணி விளக்கவுரை இரண்டும், சௌத் ஏஷியா கமெண்டரி, திருவிவிலியம் நான்கு (சீட்டு ஒட்டியாயிற்று, பழைய பாதை ஐயா), தமிழ் வசன அகராதி ஒன்று. அந்த 1 யோவான் 4:8 சோதனையைக் கடையில் செய்தேன், முதலில் எடுத்துக் காட்டிய புத்தகம் தேறவில்லை, கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், இரண்டாவது தேறியது. பாக்கிப் பணத்தில் பீரோவுக்குக் கால்மணை, வேப்பிலை, நாப்தலின் உருண்டை. தோல் அட்டை கேட்ட பெரியவர் இரண்டு வாரம் பேசவில்லை, அப்புறம் அட்லஸைப் பார்க்க வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

சாவி இப்போது கோயில்பிள்ளையிடம் (சர்ச்சைப் பராமரிக்கிறவர்). சனிக்கிழமை பாடகர் குழு பயிற்சி நேரத்தில் 5 முதல் 7 வரை பீரோ திறந்திருக்கும், ஒரு ராத்திரிக்கு மட்டும் வீட்டுக்குக் கொடுக்கிறோம், ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும்போது திரும்ப வர வேண்டும். இதுவரை ஒன்றுதான் வராமல் போய் அடுத்த வாரம் வந்தது, குழம்புக் கறையோடு.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆங்கிலப் புத்தகத்தை டீச்சர்கள் தொடவில்லை, நினைத்ததுதான். ஆனால் பிள்ளைகள் எல்லாம் ஆங்கில மீடியம். டிக்ஷனரியை அவர்கள் சரசரவென்று படிக்கிறார்கள், ஆனால் தமிழ் பைபிளை வாசிக்கச் சொன்னால் "காண்...டா...மி...ரு..." என்று எழுத்துக்கூட்டுகிறார்கள். டீச்சர்கள் அதற்கு நேர் எதிர். இப்போது சனிக்கிழமை ஒரு பிள்ளையும் ஒரு டீச்சரும் ஜோடியாக உட்கார்கிறார்கள், பிள்ளை ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லும், டீச்சர் தமிழ் வசனத்தை எடுத்துப் பொருத்துவார். யாரும் திட்டம் போடவில்லை, அறையில் பெஞ்சு ஒன்றே ஒன்று இருந்ததால் அப்படி ஆயிற்று.

காண்டாமிருகம் கேட்ட பிள்ளைக்கு இப்போது மிருகங்கள்தான் வேலை. போன வாரம் 1 இராஜாக்கள் 10:22ல் சாலொமோனின் கப்பலில் வந்த மயிலைப் பிடித்துவிட்டாள். சில ஆங்கில பைபிளில் அந்த இடத்தில் மயில் இல்லை, பபூன் குரங்கு இருக்கிறது, அதனால் ஸ்ட்ராங்ஸில் தேடியிருக்கிறாள். எண் 8500, "துக்கி". என்னிடம் ஓடிவந்து "அண்ணே, துக்கின்னா தோகையா?" என்றாள். நான் சிரித்துவிட்டு, அப்படியெல்லாம் சத்தத்தை வைத்து முடிவு பண்ணக்கூடாது, டைனமைட் கதை ஆகிவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

#21 கிரேக்கம்_கொஞ்சம்

ஐயோ, அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள்! அதையேதான் கால்டுவெல் 1856ல் தன் ஒப்பிலக்கணத்தில் எழுதினார், எபிரெயு துக்கி நம் தோகையிலிருந்து போனது என்று. எல்லாரும் ஒத்துக்கொண்டது இல்லை, எகிப்தியச் சொல் என்கிறவர்கள் உண்டு, அதனால்தான் பபூன். ஆனால் உங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை கால்டுவெல் நின்ற இடத்தில் நிற்கிறாள். அதுவும் அவர் ஊழியம் செய்த இடையன்குடி உங்கள் ஜில்லாதானே?

#22 பொருநைக்கரை

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். கேட்டுவிட்டேன் மன்னிப்பு. இப்போது அந்த ஒப்பிலக்கணத்தை லைப்ரரிக்கு வாங்கு என்கிறாள். அடுக்குக்காரி அக்கா, அதற்கு 220ல் எங்கே இடம்?

#23 அடுக்குக்காரி

220ல் கிடையாது, திராவிட மொழிகளுக்கு 494.8. ஆனால் ஒரே ஒரு புத்தகத்துக்காகத் தனித் தட்டு வைக்க வேண்டாம். 222ல், இராஜாக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.